கடற்கரைப் பக்கக் கதவு

1

லண்டனில், கிங்ஸ்பரியில் ரயில் ஏறியதும் நான் முதலில் பார்ப்பது ஒரு குளிரறையின் வெப்பநிலையை. செய்தி, வாட்ஸப் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் குளிரறை கனடாவின் வடக்கே, பாஃபின் தீவில், இனுயிட் மக்கள் வாழும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஊர்க்காரர்களே சொந்தமாக நடத்தும் மீன் நிறுவனம் ஒன்றுக்கு உரியது. நேற்று உள்ளே எவ்வளவு குளிர் இருந்தது என்பதை என் கைபேசியில் ஒரு கோடு காட்டும். கோடு கீழே கிடந்தால் மீன் நன்றாக உறைந்திருக்கிறது. இடையில் ஒரு மேடு தெரிந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மேடே இல்லை. திங்களிலும் இல்லை. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரே நேர்கோடு. குளிரூட்டல் பொறியியல் படித்த யாரும் சந்தோஷப்பட வேண்டிய கோடு அது. நான் வெம்ப்ளி பார்க் தாண்டி, ரயில் நிலத்துக்குக் கீழே இறங்கி, கைபேசி தொடர்பை இழக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் கதவு திறக்காமல் ஒரு நாள் போகாது. அதோடு, போன வாரம் அந்தக் குளிரறைக்குப் பணம் போட்ட முதலீட்டு நிதியத்தின் பரிசோதகர் ஒருவர் லண்டனிலிருந்து அங்கே போய் வந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குக் கிடைத்த விடை ஒன்றுதான். கதவைப் பூட்டிவிட்டார்கள்.

2

இலங்கையில், எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை விளக்குவது கடினம். லண்டனில் இருப்பவர்களுக்கும்தான். நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில். அத்தானுக்கு தோர்ண்டன் ஹீத்தில் கடை இருக்கிறது; வாரத்தில் ஆறு நாள் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருகிறார். கடைக்கு வரும் எல்லாரிடமும் என்னைப் பற்றி அவர் சொல்வது ஒரே விஷயம்: "எங்கடை மச்சாள் பனிக்குள்ளை இருக்கிற சனத்துக்குப் பிரிட்ஜ் கட்டிக் குடுக்கிறா." கேட்பவர் சிரிப்பார். பிறகு எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வி வரும்: அங்கே வெளியில் வைத்தாலே உறைந்துவிடுமே?

என்னிடம் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கோடையில் அங்கேயும் பனி உருகும், மீன் அதிகம் பிடிபடுவதும் அப்போதுதான். குளிர்காலத்தில் வெளியே வைத்த மீனுக்கு நரியும் காகமும் வரும், சில நேரம் வெள்ளைக் கரடியும் வரும். மெதுவாக உறையும் மீனின் சதைக்குள் ஐஸ் பெரிய பெரிய படிகங்களாக வளர்ந்து நாரைக் கிழித்துவிடும். இளக்கினால் பஞ்சுபோல் இருக்கும், நல்ல உணவகம் எதுவும் வாங்காது. கடைசியாக, குழி தோண்டி மீனை வைக்கலாமென்றால், நிலத்துக்கு அடியில் ஒருபோதும் உருகாது என்று நம்பியிருந்த உறைமண்ணும் இப்போது இளகத் தொடங்கியிருக்கிறது. அத்தான் இரண்டாவதோடு கேட்பதை நிறுத்திவிடுவார். "கரடி வருமோ?" என்பதுதான் அவருக்கு நினைவில் நிற்கும்.

3

நிறுவனத்தின் முகாமையாளர் பெயர் மீக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர், கணக்கியல் படித்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். முதல் காணொளி அழைப்பில் நான் வழமைபோல, உங்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்டேன். உதவி செய்ய வருபவர்கள் ஒவ்வொரு கோடையும் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். தங்களோடு வியாபாரம் செய்ய வருபவர்களைத்தான் தேடுவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னார்.

நிலைமை இதுதான். அவர்களின் கடலில் பிடிபடும் மீனை நீண்ட காலமாகத் தெற்கிலிருந்து வரும் கப்பல்கள் முழுதாகவே ஏற்றிக்கொண்டு போயின. வெட்டுவது, பொதி செய்வது, விற்பது எல்லாம் வேறு ஊர்களில். அந்த ஊர்களுக்குத்தான் வேலை, ஊதியம், பெயர். மீக்காவின் நிறுவனம் அதை மாற்ற முயன்றது. லண்டனில் ஒரு கொள்வனவாளர் அவர்களின் மீனை ஆண்டு முழுதும் வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் ஆண்டு முழுதும் கொடுக்கப் பெரிய குளிரறை வேண்டும். அதற்கு முதலீடு வேண்டும். முதலீட்டைத் தரச் சம்மதித்த லண்டன் நிதியம், தொழில்நுட்ப அறிக்கையை நான் வேலை செய்யும் பொறியியல் நிறுவனத்திடம் கேட்டது. அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அந்த ஊருக்கு வீதி இல்லை. கனமான சாமான் எதுவானாலும் கோடையில் பனி விலகியதும் வரும் கப்பலில்தான் போக வேண்டும். முடிவு தாமதித்தால் கப்பல் தவறும். கப்பல் தவறினால் ஒரு வருடம் போகும், கொள்வனவாளரும் வேறிடம் போய்விடுவார். மீக்காவின் தம்பி ஏற்கனவே தெற்கே சுரங்க வேலைக்குப் போய்விட்டான். இன்னும் சிலர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு இந்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பது திட்டம். இலங்கைக் கடவுச்சீட்டோடு கனடா விசாவுக்கு விண்ணப்பித்தேன். கைரேகை கொடுத்தேன், வங்கிக் கணக்கு கொடுத்தேன், நான் திரும்பி வருவேன் என்பதற்கான காரணங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். பதில் வரும்போது போக வேண்டிய நாள் தாண்டியிருந்தது. மீக்காவிடம் சொன்னேன். எங்கள் ஊருக்கு வர நாங்கள் கூப்பிட்டால் போதாதா என்று கேட்டார். போதாது என்றேன். "கனடா இங்கே வந்தபோது எங்களையும் ஒருவரும் கேட்கவில்லை," என்றார், சிரித்துக்கொண்டு.

ஆகவே நான் அந்த இடத்தைக் கோடுகளால்தான் அறிவேன்.

4

பழைய குளிரறையில் பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தச் சொல்லி, வந்த தரவைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் மாலை ஆனதும் கோடு ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயம் முடியும் நேரம், மேடு மேலும் பெரிதாக இருந்தது. வேலையாட்கள் வீட்டுக்குப் போன பிறகு குளிர் ஏன் கசிய வேண்டும்? கதவின் ஓரத்து ரப்பர் பழுது என்று முடிவு செய்தேன். புது ரப்பர் விமானத்தில் போனது. அவர்கள் நன்றி சொல்லிப் பொருத்தினார்கள். கோடு முன்போலவே ஏறி இறங்கியது.

மீக்கா பிறகு விளக்கினார். அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று மீன் வெட்டும் கூடத்துக்கு. மற்றது கடற்கரைக்கு. மீன் கொண்டுவரும் ஒவ்வொரு படகும் நிறுவனத்துக்கு விற்பதோடு ஒரு பங்கை ஊருக்கென்று அதே அறையில் வைத்துவிட்டுப் போகும். தேவைப்படுகிறவர் கடற்கரைக் கதவால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வேட்டைக்குப் போக ஆளில்லாத வீடு, வயதானவர்கள், படகு பழுதான ஒருவர், அல்லது சும்மா அன்றைக்கு மீன் தின்ன ஆசைப்பட்டவர். யார் எடுத்தார் என்று எழுதுவதில்லை. பார்ப்பதும் இல்லை.

"ரப்பர் நல்லாயிருக்கிறது," என்றார் மீக்கா. "கதவு இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது."

நிதியத்துக்கு இது தெரிந்ததும் ஒரு நிபந்தனை வந்தது. புதுக் குளிரறைக்கு ஒரே கதவு, பூட்டு, உள்ளே போவோர் பதிவு. நான் நடுவில் ஒரு வழி சொன்னேன்: ஊருக்கென்று பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் குளிரறை கட்டலாம். மலிவானது, சுலபமானது, வரைபடமும் கீறி வைத்திருந்தேன். மீக்கா வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்தார். நல்ல வரைபடம் என்றார். பிறகு, இதைக் கட்டினால் அடுத்த நாளே அதற்கு ஏழைகளின் அறை என்று பெயர் வந்துவிடும், மாலையில் அந்தப் பக்கம் நடக்கவே ஆட்கள் கூசுவார்கள் என்றார். இப்போது எல்லாம் ஒரே அறை. விற்கிற மீனும் கொடுக்கிற மீனும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவரும் அந்தக் கதவால்தான் வருகிறார், ஒன்றுமில்லாதவரும் அதே கதவால்தான் வருகிறார்.

வரைபடத்தை அழித்தேன்.

5

எங்கள் அப்பா பருத்தித்துறைப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் முகாமையாளராக இருந்தார். முதலாளி கொழும்பில். படகுகளுக்குத்தான் ஐஸ். ஆனால் ஊரில் ஒரு செத்த வீடு என்றால் ஐஸுக்குக் காசு வாங்குவதில்லை. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். விசா, விமானம், போரால் மூடிய பாதை திறப்பது என்று அவர்கள் வந்து சேரும்வரை உடல் காத்திருக்க வேண்டும். மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் பாளம் பாளமாகப் போகும். செய்த ஐஸுக்கும் விற்ற ஐஸுக்கும் கணக்கு இடிக்கிறதே என்று முதலாளி கேட்டால் அப்பா தொலைபேசியில் அமைதியாகச் சொல்வார்: "கரைஞ்சு போச்சு ஐயா."

முதலாளிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய தாயின் செத்த வீட்டுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போனது.

இதை நான் மீக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டது, ஐஸ் எடுக்க வந்தவர்கள் முன்வாசலால் வந்தார்களா பின்வாசலால் வந்தார்களா என்பதை மட்டும்தான். முன்வாசலால்தான் என்றேன். புருவத்தை உயர்த்தினார்.

அப்பாவிடம் மீக்காவின் கதவைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டது, "கொம்பிரசர் என்ன மேக் பிள்ளை?"

6

புருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது ஏதாவது சொன்னால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாம் எல்லாரும் செய்வதுதான். ஒருநாள் என் மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார், அது சம்மதமா இல்லையா என்று. எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து வாயால் சொல்லப் பழகினேன். தலையை நேராக வைத்திருக்கவும்தான்.

மீக்காவின் ஊரில் ஆம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். அவ்வளவுதான் பதில். அது சைகையோ கேலியோ அல்ல, முழுப் பதில். ஆரம்பத்தில் அவர் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்து நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவரும் திரும்பத் திரும்பப் புருவத்தை உயர்த்தியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் சற்று மேலே.

பழகிய பிறகு எனக்கும் அது தொற்றிக்கொண்டது. என்னிடமிருந்து அக்காவின் மகள் அபிக்கு. அவள் வீட்டில் தமிழ் கதைப்பது குறைவு. அம்மா, சித்தி என்ற சொற்கள் மட்டும் தமிழ், மிச்சமெல்லாம் ஆங்கிலம். இப்போது அக்கா சாப்பிட்டாயா என்று கேட்டால் புருவம் உயரும். புட்டு வேண்டுமா என்றால் மூக்குச் சுருங்கும்.

"முந்தித் தமிழிலை கேட்டால் இங்கிலீசிலை பதில் வரும்," என்று அக்கா என்னிடம் முறையிட்டாள். "இப்ப அதுவும் இல்லை. நீ வந்து நல்ல வேலை பாத்தாய். வாயைத் திறந்து ஓம் எண்டு சொல்லடி."

அபி புருவத்தை உயர்த்தினாள்.

7

முடிவெடுக்கும் கூட்டம் வசந்தத்தில் நடந்தது. லண்டன் அறையில் ஏழெட்டுப் பேர், சுவரில் திரை, திரையின் ஒரு மூலையில் சின்னச் சதுரமாக மீக்கா. நிதியத்தின் பொறுப்பாளர் ரிச்சர்ட் கெட்டவர் அல்ல. அவருக்கும் ஒரு பட்டியல் இருந்தது, மேலிருந்து கீழே போனார். கொம்பிரசரின் வகை, மின்சாரம், காப்புறுதி. ஒவ்வொன்றுக்கும் மீக்கா வாயால் பதில் சொன்னார். பிறகு ரிச்சர்ட், புதுக் கட்டடத்தில் கடற்கரைப் பக்கக் கதவு இருக்காது, அது சம்மதம்தானே என்றார்.

மீக்கா மூக்கைச் சுருக்கினார்.

ரிச்சர்ட் கண்ணியமாகக் கொஞ்சம் பொறுத்தார். மறுப்பு எதுவும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். குறிப்பெடுப்பவர் எதையோ தட்டினார். அந்தக் குறிப்பில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: நிறுவனம் ஆட்சேபிக்கவில்லை. அந்த வாக்கியம் ஒப்பந்தத்துக்குள் போய்விட்டால் பிறகு அதை வெளியே எடுப்பதற்குள் கப்பல் போய்விடும். மீக்கா திரும்பச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அவர் சொல்லிவிட்டார்.

நான் அங்கே தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மட்டும் அழைக்கப்பட்டவள். கையைத் தூக்கினேன்.

"மன்னியுங்கள், அவர் பதில் சொல்லிவிட்டார். இல்லை என்று சொன்னார்."

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே," என்றார் ரிச்சர்ட்.

"கேட்காது. மூக்கால் சொன்னார்."

முதலில் சிரித்தது மீக்காதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ரிச்சர்ட் மீக்காவிடம் நேராகவே கேட்டார், ஏன் முடியாது, கணக்கில் வராமல் போகும் மீன் இழப்புத்தானே என்று. மீக்கா நீளமாகப் பேசுபவர் அல்ல. அன்றைக்கும் பேசவில்லை.

"தெற்கத்திக் கப்பல்கள் எங்களைவிட நல்ல விலை தருகின்றன. ஆனாலும் படகுகள் மீனை எங்களிடம்தான் கொண்டு வருகின்றன. அந்தக் கதவு இருப்பதால்தான் வருகின்றன. அதை மூடினால் மற்றக் கதவுக்கு வேலை இருக்காது."

ரிச்சர்ட் என்னைப் பார்த்தார். கரைந்து போகிறது என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தரவு அதற்கு இடம் கொடுக்காது. தவிர, மீக்கா எதையும் ஒளிக்கவில்லை. அது இழப்பு அல்ல, அந்த ஊரில் இந்தத் தொழிலை நடத்தும் செலவு, மின்சாரத்தைப் போல அதையும் திட்டத்திலேயே போட வேண்டும் என்றேன். குளிர் போவதுதான் பிரச்சினையென்றால் அதற்கு வழி இருக்கிறது: கடற்கரைக் கதவுக்கு உட்புறம் சின்ன முன்னறை, அதற்கு இன்னொரு கதவு. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்கும். யாரும் எதிலும் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

ரிச்சர்ட் அதைத் தன் குழுவிடம் கொண்டுபோவதாகச் சொன்னார். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். மீக்கா கப்பலின் சரக்கு ஏற்றும் நாள் நெருங்குவதை ஒரு தடவைகூட நினைவூட்டவில்லை. கடைசியில் அனுமதி வந்தது. ஊர்ப் பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஓர் அளவைத் திட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. மீக்காவுக்கு அதில் விருப்பமில்லை, எழுதிக் கொடுத்தார். கப்பல் இயந்திரங்களோடு புறப்பட்டது.

8

ஒன்று மட்டும் கப்பலுக்குப் பிந்திவிட்டது. முன்னறையின் உட்கதவு. அதை உற்பத்தியாளர் பிறகு விமானத்தில் அனுப்பினார். இலையுதிர்காலம் முழுவதும் புதுக் குளிரறை கடற்கரைக் கதவை மட்டும் நம்பி ஓடியது. அங்கே மாலையான நேரங்களில் என் கைபேசிக் கோட்டில் பழைய மேடுகளே தெரிந்தன. உட்கதவுப் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது, நேரம் கிடைக்கும்போது பொருத்துகிறோம் என்று மீக்கா எழுதியிருந்தார். பிறகுதான் பரிசோதகர் போனார். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர், என் விண்ணப்பத்தில் கால்வாசிகூட அவர் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு இந்த நேர்கோடு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை பொறுத்தேன். அங்கே அப்போதுதான் காலை வேலை தொடங்கும். அழைத்தேன். மீக்கா குளிரறையில் போடும் உடுப்போடு, கையில் தேநீரோடு தோன்றினார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கடற்கரைக் கதவு பூட்டியிருக்கிறதா?"

மூக்குச் சுருங்கியது.

"ஆட்கள் வருகிறார்களா?"

புருவம் உயர்ந்தது.

"நேற்று?"

புருவம் உயர்ந்தது.

"ஞாயிற்றுக்கிழமை?"

இன்னும் மேலே உயர்ந்தது. பிறகு அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று விளங்கிவிட்டது. கைபேசியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். படம் ஆடியது: ஈரத் தரை, ரப்பர் சப்பாத்துகள், நீலப் பெட்டிகள். முன்னறையைக் காட்டினார். உட்கதவு பொருத்தப்பட்டிருந்தது. சனிக்கிழமை இரவு நானும் தம்பியும் பொருத்தினோம், சொல்ல மறந்துவிட்டேன் என்றார். சுரங்கத்திலிருந்து தம்பி எப்போது வந்தான் என்று கேட்டேன். வந்துவிட்டான் என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்னறை கணக்கிட்டதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஊர் முழுக்க வந்து போனாலும் உள்ளே குளிர் அசைவதில்லை. அவர்கள் வருவது இனி லண்டனில் தெரியப்போவதில்லை. காலையில் ரயிலில் நான் பார்த்துக்கொண்டிருந்த மேடுகள் இனி வரமாட்டா.

அப்போது கைபேசியில் கடற்கரைப் பக்க வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மீக்கா உடனே கைபேசியைத் திருப்பினார். எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. ஒரு குழாய், ஒரு விளக்கு. யாரோ பனியை உதறும் சத்தம். மீக்கா தங்கள் மொழியில் ஏதோ சொல்ல, வந்தவர் சிரித்தார். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. வெளிக்கதவு மூடியது, உட்கதவு திறந்தது. பெட்டி ஒன்று இழுபடும் சத்தம். பிறகு உட்கதவு மூடியது.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த மற்றத் திரையில் கோடு அசையவில்லை.